அறுக்காமல் விட்ட டயர்

பிரபா,

பின் சக்கரத்தில் மாட்டியிருக்கும் டயரைக் கழற்றிவிடு. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீ படிக்காமல் போனாலும் இந்த ஒரு வரியையாவது படிக்க வேண்டும் என்றுதான் இதை முதலில் எழுதச் சொன்னேன். கழற்றிய பிறகு மீதியைப் படி. பந்தயம் காலை பத்து மணிக்கு என்று கயல் சொல்கிறாள். அதற்குள் நேரம் இருக்கிறது.

எழுதுவது உன் தங்கைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆலையில் நீராவி பட்ட நாளிலிருந்து என் வலது கை விரல்கள் பேனாவைப் பிடிப்பதில்லை, உனக்குத் தெரியும். நான் வாய்க்கு வந்தபடி பேசப் பேச, அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழில் ஒழுங்குபடுத்தி எழுதுகிறாள். அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். உன் அம்மா எழுந்துவிடக் கூடாது என்று விளக்குப் போடவில்லை. கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறாள். எழுத்து கோணினால் கேலி செய்யாதே. விடிகாலை நாலு மணிக்குக் பழைய இரும்புக் கடை காதர் பாயின் லாரி வில்லியனூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறது. பாயே வண்டியில் வருகிறார். நம் ஒதியம்பட்டுத் திருப்பத்தில் நிறுத்தி இதை வாங்கிக்கொண்டு, அங்கே பந்தய டிராக் வாசலில் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ கைபேசியை அணைத்துவிட்டாய். நானே வந்து நின்றால் முகம் கொடுக்கமாட்டாய். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த டயர்கள் வீட்டைவிட்டுப் போனதே எனக்கு இன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் தெரியும். புதன்கிழமை நான் பாகூருக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது நீ வந்திருக்கிறாய். பரணிலிருந்து இரண்டையும் இறக்கினீர்களாம். உன் அம்மா அவற்றுக்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாளாம். "அப்பாகிட்ட சொல்லாதீங்க, ஜெயிச்சுட்டு வந்து நானே சொல்றேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயாம். இன்று சாயங்காலம் வண்டியோடு ஒரு படம் போட்டிருந்தாய். "அப்பாவோட லக்கி டயர். பிராக்டிஸ்லகூட போடல, நாளைக்கு மட்டும்." கயல் அதைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உனக்குக் கொடுத்த வாக்கைத் தன்னால் முடிந்தவரை காப்பாற்றினாள். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாள், பாவம்.

என் எண்ணை நீ முடக்கி ஒரு வருஷம் ஆகிறது. அதனால் அவள் கைபேசியிலிருந்தே செய்தி அனுப்பச் சொன்னேன்: அண்ணா, அந்த டயர் வேண்டாம், அப்பா சொல்கிறார். நீ பதில் போட்டாய்: "போன தடவ அம்மாவுக்கு நெஞ்சுவலி. இந்த தடவ டயருக்கா? ரேஸ் முடிச்சுட்டுப் பேசறேன்னு அவருகிட்ட சொல்லு." அதற்குப் பிறகு உன் கைபேசி உயிரோடு இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பதில் எனக்கு வேண்டியதுதான். போன வருஷம் உன்னுடைய முதல் பந்தயத்தன்று அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நான் செய்தி அனுப்பினேன். வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு, பந்தய உடுப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாய். வாசலில் உன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னாடா இது, சர்க்கஸ்காரன் மாதிரி வந்து நிக்கற?" என்று சிரித்தாள். "உனக்கு நெஞ்சுவலின்னு..." என்றாய். "எனக்கு இன்னா? குத்துக்கல்லு மாதிரி கீறேன்" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன். உண்மையான ஆபத்து வரும்போது உன்னை எட்டுவதற்கு இருந்த ஒரே பாதையை நானே அடைத்துவிட்டேன் என்று இப்போதுதான் புரிகிறது. பிள்ளையிடம் ஒருமுறை பொய் சொல்லி ஜெயித்துவிட்டால், அடுத்த முறை மெய் சொல்ல வாய் இருக்காது. நீயும் ஒருநாள் அப்பா ஆவாய். இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று எதையாவது எடுத்துக்கொள்வதானால் அதை எடுத்துக்கொள்.

அதனால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நீ கேட்கமாட்டாய். ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் இத்தனை நாள் நீ பார்த்த அப்பா இருக்கமாட்டான். பரவாயில்லை. நீ இருந்தால் போதும்.

நான் ஆலையில் சேர்ந்தபோது அங்கே ஸ்கூட்டர் டயரும் டிராக்டர் டயரும்தான் செய்தார்கள். பந்தயம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது மாட்டுவண்டிப் பந்தயம்தான். ஒருநாள் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பைக் பந்தயக் குழு வைத்திருந்தவர்கள். வெளிநாட்டு டயர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, உங்களால் செய்து தர முடியுமா என்று முதலாளியைக் கேட்டார்கள். முதலாளி முடியும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் போன பிறகுதான் எங்களிடம் வந்து முடியுமா என்று கேட்டார். முதலில் செய்த டயர் ஆறே சுற்றில் வழுக்கையாகித் திரும்பி வந்தது. அடுத்தது தேயவே இல்லை; இது டயரா கருங்கல்லா என்று கேட்டு அந்தக் குழுவின் வீரர் ஒரு கடுதாசி எழுதியிருந்தார். கொதிகலனுக்குப் பின்னால் கம்பிவலை அடித்து ஒரு மூலையைத் தடுத்து, கைவேலை தெரிந்த நாலு பேரை உள்ளே விட்டார்கள். அதற்குக் கூண்டு என்று பெயர் வந்துவிட்டது. கேன்டீனில் எங்களைக் கண்டால், "இன்னா, புலிங்கல்லாம் சாப்பாட்டுக்கு வெளிய வந்துடுச்சா?" என்பார்கள். மற்ற இடங்களில் நிமிஷத்துக்கு ஒரு டயர் இறங்கும். நாங்கள் நாலு பேரும் ஒரு ஷிஃப்டில் கையால் சுற்றிச் சுற்றிப் பத்து டயர் செய்தால் பெரிது. அந்த ரப்பர் அவ்வளவு மென்மை, நகம் பட்டால் தடம் விழும். அதற்காகவே நாங்கள் நகம் வளர்ப்பதில்லை. என் நகத்தைப் பார்த்து நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய், நினைவிருக்கிறதா?

கூண்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. பந்தயத்துக்குப் போகும் ஒவ்வொரு டயருக்கும் எண் உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது கூண்டுக்குத் திரும்பி வர வேண்டும். எடை போட்டு, தேய்மானத்தை அளந்து, பிறகு விளிம்புக் கம்பியை ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். கம்பி அறுந்த டயரை உலகத்தில் எந்தச் சக்கரத்திலும் மாட்ட முடியாது. எங்கள் ரப்பரின் ரகசியம் இன்னொருவன் கைக்குப் போகக் கூடாது என்பது பாதிக் காரணம். ஓடி முடித்த டயரும் குறையுள்ள டயரும் தெரியாமல்கூட இன்னொரு வண்டியில் ஏறிவிடக் கூடாது என்பது மீதிக் காரணம். அறுப்புப் பதிவேட்டில் கையெழுத்து என்னுடையது. கடைசி எட்டு வருஷம் ரம்பமும் என் கையில்தான்.

ஒரு குழு இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒரு சீசன் முழுக்க எல்லாக் குழுவுக்கும் நாங்களே டயர் கொடுக்கிற நிலைமை வந்தது. அந்தச் சமயத்தில்தான் உன்னை ஆலை பஸ்ஸில் டிராக்குக்கு அழைத்துப் போனேன். உனக்கு எட்டு வயது. டயருக்குச் சூடேற்றும் போர்வையைக் கழற்றிய ஒரு வீரர், உன் கையைப் பிடித்து டயர்மேல் வைத்தார். "அப்பா, இட்லிப் பானையிலேருந்து எடுத்த மாதிரி கீதுப்பா!" என்று கத்தினாய். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது அந்தக் கையை மூடியே வைத்திருந்தாய், சூடு போய்விடும் என்று. நீ பந்தயக்காரன் ஆனது அன்றைக்குத்தான். அதற்குக் காரணம் நான்தான் என்று தெரிந்துதான் பிறகு உன்னைத் தடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் தடுத்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. நீ பத்தாவது படித்த வருஷம் ஒரு பந்தயத்தில் எங்கள் டயர் உரிந்தது. செய்யும்போது ரப்பர் அடுக்குகளுக்கு நடுவில் கொஞ்சம் காற்று சிக்கிக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. நின்றால் ஒன்றும் ஆகாது, மெதுவாகப் போனாலும் ஆகாது. வேகம் ஏறிச் சூடு ஏறினால் அந்தக் காற்று பெருத்து, மேல்ரப்பரைத் தோல் மாதிரி உரித்துவிடும். அந்த வீரனுக்கு இப்போதைய உன் வயதுதான். உயிர் பிழைத்தான். இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். உரிந்த டயரைக் கொண்டுவந்து, எங்கள் என்ஜினியர் கேன்டீனில் நாங்கள் சாப்பிடுகிற மேஜைமேல் வைத்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் சோறு தின்றோம். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து நல்ல டயர் என்று அனுப்பியவன் நான். அந்த மாதம் ஏன் நான் வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். வயிற்றுப்புண் என்றேன். அதுவும் பொய்தான்.

அதற்குப் பிறகுதான் உள்ளே இருப்பதைக் காட்டும் இயந்திரம் வாங்கினார்கள்.

இனி உன் டயருக்கு வருகிறேன். நாங்கள் டயர் கொடுத்த குழு சாம்பியன் ஆன வருஷம் ஆலையில் விழா வைத்தார்கள். கூண்டுக்காரர்களை மேடைக்குக் கூப்பிடுவார்கள், பந்தயத்தில் ஓடிய டயரைப் பரிசாகக் கொடுப்பார்கள் என்று பேச்சு இருந்தது. நான் அதை வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது. நீ வாசலில் நின்று யாருடனோ கைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது: "எங்கப்பாவ ஸ்டேஜ்ல ஏத்தப் போறாங்கடா. உங்கப்பாவ எங்கடா ஏத்துவாங்க, டவுன் பஸ்லயா?" அப்படிப் பேசினாய். விழாவில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஆளுக்கு ஒரு துண்டும் ஒரு இனிப்புப் பெட்டியும் வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது நீ அந்தத் துண்டை எடுத்து விரித்துப் பார்த்தாய். திரும்ப மடித்து வைத்தாய். "பரவால்லப்பா, நல்ல டவலுதான்" என்றாய். நீ கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

நாலு நாள் கழித்து அறுப்பதற்கு ஒரு ஜோடி வந்தது. புதுசு, ஓடாதது, அடுத்த சீசனுக்காகச் செய்தது. முன் டயரில் அச்சுக் கோடு ஒன்று விலகியிருந்தது, அவ்வளவுதான். பின் டயரில் காற்று. இயந்திரத்தில் மிளகு அளவுக்கு ஒரு நிழல். குறையுள்ளது என்பதற்கு அடையாளமாக, உள்பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியைச் சுட்டிருந்தார்கள். ரம்பம் என் கையில் இருந்தது. பதிவேட்டில் அறுத்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டேன். அறுக்கவில்லை.

இந்த இடத்தில் கயல் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதம்மா, நிறுத்தாதே என்கிறேன்.

அறுந்த டயர்களோடு சேர்த்துப் பழைய இரும்பு லாரியில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் பாய் கடைக்குப் போய் இரண்டையும் தனியாக எடுத்தேன். "இன்னா மேஸ்திரி, இதுங்கள அறுக்கலையா?" என்றார் பாய். "பசங்க மறந்துட்டானுங்க, பாய்." "மறந்த டயர வந்து தேடி எடுக்கற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றார். அவர் கடை ஓரத்திலேயே உட்கார்ந்து அந்தப் பெருக்கல் குறியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டறதுக்கா?" என்று கேட்டார். "இல்ல பாய், பாக்கறதுக்கு" என்றேன். பாயிடம் கேட்டுப் பார், சொல்வார். அந்தச் சமயம் அவருக்கு நான் சொன்னது பொய் இல்லை. பரணில் இருக்கும், யாராவது வந்தால் இறக்கிக் காட்டலாம், உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் வீட்டில் சுவரில் மாட்டலாம் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

வீட்டில் அவற்றைப் பார்த்ததும் உன் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தரையில் உட்கார்ந்தபடியே டயரைச் சுற்றி நகர்ந்து வந்தாய். "சாம்பியன் வண்டிக்குன்னு எடுத்து வச்சிருந்த செட்டாப்பா இது?" என்றாய். நான் ஆமாம் என்றேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், மீதியெல்லாம் நீயாகவே சேர்த்துக்கொண்டாய். தெருவுக்கே சொன்னாய். உன் அம்மா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வரிசையில் நின்றபோதுகூடச் சொல்லியிருக்கிறாள். மூன்று வருஷம் கறுப்புத் தாளில் சுற்றி, வெயில் படாமல், மாதத்துக்கு ஒருமுறை திருப்பி வைத்து, அந்தப் பொய்யைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டதனால்தான் அது இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. அதனால்தான் நீ எடுத்துப் போனாய்.

நம்பிக்கை வரவில்லையென்றால் இதைச் செய். ஒரு நாணயத்தை எடுத்து, பின் டயரின் நடுவில் ஒவ்வொரு இரண்டு விரல் தூரத்துக்கும் தட்டிக்கொண்டே சுற்றி வா. எல்லா இடத்திலும் டக்கென்று கேட்கும். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் அமுங்கி, இளநீர்க் காயைத் தட்டியதுபோலக் கேட்கும். அதுதான். அப்படியும் சந்தேகமாக இருந்தால் டயரைக் கழற்றி உள்ளே பார். உள்பக்கம் முழுக்க மெல்லிய வரிகள் ஓடும். விளிம்புக் கம்பியிலிருந்து மூன்று விரல் தள்ளி, தீப்பெட்டி அளவு இடத்தில் மட்டும் வரி இருக்காது, மழமழவென்று இருக்கும். என் உப்புத்தாள் பட்ட இடம் அது.

பந்தயத்தில் ஓடாதே என்று நான் சொல்லவில்லை, பிரபா. இதை இரண்டு முறை படி. ஓடு. நேற்றுவரை பிராக்டிஸ் செய்த பழைய டயரிலேயே ஓடு. அது தேய்ந்ததாக இருந்தாலும் ஒழுங்காகத் திரும்பிவரும் டயர். காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வை. முதல் இரண்டு சுற்று அவசரப்படாதே, ரப்பர் சூடாகட்டும். வளைவிலிருந்து வெளியே வரும்போது முறுக்காதே, வண்டி நிமிர்ந்த பிறகு முறுக்கு. தேய்ந்து திரும்பி வரும் டயர்களைப் பார்த்தே யார் எப்படி ஓட்டினார்கள் என்று சொல்லிவிடுவேன் நான். போன வருஷம் நீ விட்டுவிட்டு வந்த வண்டியின் டயரையும் உன் நண்பன் படம் எடுத்துக் கயலுக்கு அனுப்பியிருந்தான். ராத்திரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிராக்டிஸில் இரண்டு ஓரமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. நீ நன்றாக ஓட்டுகிறாய். இதை நான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இன்னும் வேகமாக ஓட்டுவாயோ என்று பயந்து சொல்லாமல் இருந்தேன்.

நீ எந்த இடத்தில் வந்தாலும் சரி, அந்தப் பின் டயரை அப்படியே விட்டுவிட்டு வராதே. டயர் வாங்க வழியில்லாத யாராவது எடுத்து மாட்டிவிடுவான். அங்கே ரம்பம் கிடைக்கும். விளிம்புக் கம்பியை அறுத்துவிடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் செய்யாததை நீ செய்துவிடு. திங்கட்கிழமை நான் ஆலைக்குப் போய், பதிவேட்டில் இருக்கும் அந்தக் கையெழுத்து பொய் என்று சொல்லிவிட்டு வருவேன். உன் அம்மாவுக்கு நாளைக்கு விடிந்ததும் நானே சொல்கிறேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி. கழற்றிவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை கயலுக்கு அனுப்பு. எனக்கு அனுப்ப வேண்டாம். அவளுக்கு அனுப்பினால் போதும்.

உன் அப்பா

அண்ணா, இனிமேல் நானாக எழுதுகிறேன். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு லாரி வருகிறதா என்று பார்க்கத் திருப்பம்வரை போயிருக்கிறார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ நாணயத்தால் தட்டிப் பார்ப்பாயா, டயரைக் கழற்றுவாயா, இல்லை முதல் வரியைப் படித்ததுமே கிழித்துப் போட்டுவிடுவாயா என்று தெரியவில்லை. அப்பா சொல்வது எல்லாம் பொய் என்று நீ நினைக்கலாம். அதனால் அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

புதன்கிழமை பரண்மேல் ஏறி டயர்களை இறக்கிக் கொடுத்தது நான்தான். பெரியதாக இருந்த பின் டயரைத் தூக்கும்போது என் கை உள்ளே இருந்தது. "அண்ணா, உள்ள ஒரு எடம் மட்டும் இன்னா மழமழன்னு கீது?" என்று கேட்டேன். நீயும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாய். "அப்பா தெனமும் தடவித் தடவித் தேஞ்சிருக்கும்டி" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு நீ இரண்டையும் வண்டியில் கட்டிக்கொண்டு போனாய், அம்மா கையசைத்தாள்.

இன்றைக்கு அப்பா தீப்பெட்டி அளவு இடம் என்று சொல்லும்போது என்னால் எழுத முடியவில்லை. அந்த இடம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவரிடம் சொல்லவும் முடியவில்லை. நான் அன்றைக்கே அவரைக் கேட்டிருக்கலாம்.

லாரி ஹாரன் கேட்கிறது. நீ டயரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுகூட இல்லை, அண்ணா. உன் வலது கை அந்த இடத்தை ஏற்கெனவே தொட்டிருக்கிறது. ஒரு நிமிஷம் கண்ணை மூடி நினைத்துப் பார்.

கயல்